வெறுமையாய்க் கிடந்த அறைகள்

உயிர்கள் யாவும் உயிரணுக்களால் ஆனவை என்பதை இன்று பள்ளிச் சிறுவனும் அறிவான். ஆனால் ஓர் உயிரணுவுக்குள்ளேயே பல தனி அறைகள் உண்டு என்பதையும், ஒவ்வோர் அறைக்கும் உரிய பொருள் அந்த அறைக்கே போய்ச் சேர வேண்டும், வழி தவறினால் உயிருக்கே கேடு என்பதையும் பலர் அறியார். அவ்வறைகளுள் ஒன்றுக்குப் பெராக்ஸிஸோம் என்று பெயர். அதற்குள் புரதங்கள் எவ்வாறு நுழைகின்றன என்னும் கேள்விக்கு விடை தேடி அறிஞர்கள் அரை நூற்றாண்டுக் காலமாக உழைத்து வருகின்றனர். அவ்வுழைப்பின் வரலாற்றைச் சுருங்கக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இஃது ஆராய்ச்சிக்கூடத்தாருக்கு மட்டும் உரிய செய்தி அன்று. இந்தச் சிற்றறையின் வாயில் திறவாமையால், பிறந்த ஓராண்டுக்குள் மாண்டுபோகும் குழந்தைகள் உண்டு. அவர்களுடைய நோயின் காரணத்தை மருத்துவர்களுக்கு எடுத்துக்காட்டியதில் பெரும்பங்கு ஈஸ்டுக்கு உரியது. ரொட்டி மாவை உப்பச் செய்வதும் கள்ளைப் புளிக்க வைப்பதுமான அதே ஈஸ்ட்தான்.

பெயர் வந்த கதை

1954-ஆம் ஆண்டில் ஸ்வீடன் நாட்டுத் தலைநகராகிய ஸ்டாக்ஹோமில் யோஹான்னஸ் ரோடின் என்னும் இளம் ஆராய்ச்சியாளர் எலியின் சிறுநீரகத்தை எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பின் வழியாக ஆராய்ந்தார். உயிரணுக்களுக்குள் ஒற்றைச் சவ்வினால் சூழப்பட்ட சிறுசிறு உருண்டைகள் அவர் கண்ணிற் பட்டன. அவை செய்யும் வேலை யாது என்பது அவருக்குத் தெரியவில்லை. ஆகவே ‘நுண்பொருள்’ என்று பொருள்படும் ஒரு பொதுப் பெயரை இட்டுத் தம் ஆய்வேட்டில் பதிவு செய்தார்.

அந்த உருண்டைகளின் வேலையைக் கண்டறிந்தவர் பெல்ஜிய நாட்டு அறிஞர் கிறிஸ்டியன் டி டூவ். முதல் உலகப் போரின்போது அகதிகளாக இங்கிலாந்து சென்ற பெற்றோருக்கு 1917-இல் அங்கே பிறந்தவர் இவர். பின்னர் லூவேன் பல்கலைக் கழகத்தில் ஆராய்ச்சி நடத்தினார். எலியின் கல்லீரலை அரைத்து, அந்தக் குழம்பை மிக வேகமாகச் சுழலும் எந்திரத்தில் இட்டு, கனமானவை அடியிலும் இலேசானவை மேலிலுமாகப் பிரித்தெடுப்பது இவர் கையாண்ட முறை. தயிரைக் கடைந்து வெண்ணெய் எடுக்கும் நம் வீட்டுப் பெண்களுக்கு இம்முறையின் தத்துவம் எளிதில் விளங்கும்.

இம்முறையால் 1955-இல் லைசோஸோம் என்னும் அறையை டி டூவ் உலகுக்கு அறிவித்தார். ஆனால் அவருக்கு ஓர் ஐயம் எஞ்சி நின்றது. யூரிக் அமிலத்தைச் சிதைக்கும் என்ஸைம் ஒன்று லைசோஸோம்களோடு சேர்ந்தே அடியிற் படிந்தது. எனினும் அதன் நடத்தை அவற்றிலிருந்து சற்றே வேறுபட்டது. அந்தச் சிறு வேறுபாட்டை அவர் புறக்கணிக்கவில்லை. தொடர்ந்து ஆராய்ந்தபோது வேறு சில என்ஸைம்களும் அதனோடு கூட்டுச் சேர்ந்து ஒரே பையில் இருப்பது தெரிந்தது. அவற்றுட் சில ஹைட்ரஜன் பெராக்ஸைடு என்னும் நச்சுப் பொருளை உண்டாக்குபவை. கேட்டலேஸ் என்னும் மற்றொன்று அந்நஞ்சை நீராகவும் பிராணவாயுவாகவும் உடைத்துவிடுவது.

புண்ணைக் கழுவ மருந்தகத்தில் ஊற்றும் நீர்மமும் ஹைட்ரஜன் பெராக்ஸைடுதான். ஊற்றியவுடன் புண்ணில் நுரை பொங்குவதை நாம் கண்டிருக்கிறோம். நம் இரத்தத்திலும் தசையிலும் உள்ள கேட்டலேஸ் அதனை உடைக்கும்போது வெளிவரும் பிராணவாயுவே அந்நுரை. நஞ்சை உண்டாக்கும் அடுப்பையும், அதனை உடனே அவிக்கும் நீரையும் ஒரே அறைக்குள் வைத்துப் பூட்டியிருக்கிறது இயற்கை. இதனைக் கண்ட டி டூவ், 1960-களின் நடுவில் அவ்வறைக்குப் பெராக்ஸிஸோம் என்று பெயர் சூட்டினார். 1974-ஆம் ஆண்டின் மருத்துவ நோபெல் பரிசு இவருக்கும் ஆல்பர்ட் கிளாட், ஜார்ஜ் பலேட் ஆகிய இருவருக்கும் சேர்த்து வழங்கப்பட்டது.

பெராக்ஸிஸோமின் வேலை நஞ்சை அவிப்பதோடு நிற்கவில்லை. 1967-இல் பிரைடன்பாக், பீவர்ஸ் என்னும் அமெரிக்க அறிஞர்கள், முளைக்கும் ஆமணக்கு விதையில் எண்ணெயைச் சர்க்கரையாக்கும் வேலைக்குத் துணைசெய்யும் அறை ஒன்றைக் கண்டனர். அது பெராக்ஸிஸோமின் நெருங்கிய உறவு என்று பின்னர்த் தெளிவாயிற்று. 1976-இல் பால் லாஸரோவும் டி டூவும் எலியின் கல்லீரலிலும் பெராக்ஸிஸோம் கொழுப்பு அமிலத்தைத் துண்டு துண்டாக வெட்டுகிறது என்று நிறுவினர். விதை முதல் விலங்கு வரை கொழுப்பைப் பக்குவப்படுத்தும் கூடமாக இவ்வறை விளங்குகிறது.

நோயின் நிழல்

1964-ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவர் சிலர் விநோதமான ஒரு பிறவி நோயைப் பற்றி எழுதினர். நோயுற்ற குழந்தைகளின் உடல் துணிபோல் துவண்டு கிடந்தது. பால் உறிஞ்சும் வலிமை இல்லை. வலிப்புக் கண்டது. கல்லீரல் வீங்கியிருந்தது, சிறுநீரகத்தில் நீர்க்கட்டிகள் காணப்பட்டன. அம்மருத்துவர்களுள் ஒருவராகிய ஹான்ஸ் ஸெல்வெகரின் பெயரால் பின்னாளில் இது ஸெல்வெகர் நோய் எனப்பட்டது. இந்நோய் கடுமையாகக் கண்ட குழந்தைகளுட் பெரும்பாலோர் முதலாண்டு நிறைவைக் காண்பதில்லை. தாயும் தந்தையும் நலமாகவே இருப்பர். இருவரும் பழுதான மரபணு ஒவ்வொன்றைத் தம்மையறியாமல் சுமந்திருப்பர். அவ்விரண்டும் ஒரு குழந்தையிடம் கூடும்போது நோய் வெளிப்படும். அத்தகைய பெற்றோருக்கு ஒவ்வொரு பேற்றிலும் நான்கில் ஒரு பங்கு இவ்வாறு நேரக்கூடும்.

1973-இல் ஸிட்னி கோல்ட்ஃபிஷர் என்னும் நியூயார்க் அறிஞரும் அவருடைய கூட்டாளிகளும் இந்நோயால் இறந்த குழந்தைகளின் கல்லீரலையும் சிறுநீரகத்தையும் சோதித்தனர். பெராக்ஸிஸோம் இருக்க வேண்டிய இடத்தில் அது காணப்படவில்லை. ஓர் அறையே இல்லாமற் போனதால் ஒரு நோய் உண்டாகும் என்று அறியப்பட்டது அப்போதுதான். உடைக்கப்படாத நீண்ட கொழுப்பு அமிலங்கள் இக்குழந்தைகளின் இரத்தத்தில் தேங்கி நிற்பதும் 1980-களில் தெரிய வந்தது. ஆனால் அறை ஏன் இல்லை என்ற கேள்விக்கு எவரிடமும் விடை இல்லை.

சரக்கு எங்கிருந்து வருகிறது?

பெராக்ஸிஸோமுக்குள் டி.என்.ஏ. கிடையாது. ஆதலின் தனக்கு வேண்டிய புரதத்தை அது தானே செய்துகொள்ள இயலாது. உயிரணுவின் பொதுவெளியில் செய்யப்பட்ட புரதங்களே அதற்குள் போய்ச் சேர வேண்டும். தொடக்கத்தில் பலர் இதனை வேறு விதமாக நினைத்தனர். உயிரணுவுக்குள் பரந்து கிடக்கும் சவ்வு வலையின் ஒரு பகுதி சரக்கோடு சேர்ந்து பிதுங்கி, மொட்டு உதிர்வதுபோல் பிரிந்து பெராக்ஸிஸோம் ஆகிறது என்பது அவர்கள் கருத்து.

1978-இல் கோல்ட்மன், குந்தர் பிளோபெல் ஆகிய இருவரும் இதனைச் சோதித்தனர். கேட்டலேஸும், முன்னர்க் கூறிய யூரிக் அமில என்ஸைமும் சவ்வு வலையோடு ஒட்டாத தனிப் பட்டறைகளில் செய்யப்படுவதைக் கண்டனர். 1985-இல் லாஸரோவும் யுகியோ ஃபுஜிக்கியும் கிடைத்த சான்றுகளையெல்லாம் தொகுத்து எழுதிய கட்டுரை துறையின் போக்கையே மாற்றியது. புரதம் முழுதாகச் செய்து முடிக்கப்படுகிறது, அதன் பின்னரே ஏற்கெனவே உள்ள பெராக்ஸிஸோமுக்குள் நுழைகிறது, அதனால் அறை பெருத்து இரண்டாகப் பிரிகிறது என்று அவர்கள் விளக்கினர். சவ்வு வலைக்கும் இதில் ஒரு பங்கு உண்டு என்று பிற்காலத்து ஆராய்ச்சிகள் காட்டின. எனினும் சரக்கு வெளியிலிருந்து உள்ளே வருகிறது என்னும் கூற்று உறுதிப்பட்டு நின்றது.

அப்படியானால் அடுத்த கேள்வி தானே எழுகிறது. பல்லாயிரம் புரதங்கள் மிதக்கும் பொதுவெளியில், இன்னது இன்ன அறைக்கு உரியது என்று அறிவது எப்படி? தபாலில் விலாசம் எழுதுவதுபோல் புரதமும் தன் உடலிலேயே விலாசத்தைச் சுமந்து செல்கிறது என்று பிளோபெல் வேறு அறைகளைக் கொண்டு காட்டியிருந்தார். 1999-இல் அவர் பெற்ற நோபெல் பரிசு அதற்காகவே. ஆனால் பெராக்ஸிஸோமுக்கு உரிய விலாசம் எது?

மின்மினி காட்டிய விலாசம்

விடை எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. கோல சிலாங்கூர் ஆற்றங்கரை மரங்களில் இரவில் மின்னும் பூச்சிகளை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். மின்மினியின் ஒளிக்குக் காரணம் லூசிஃபெரேஸ் என்னும் என்ஸைம். அமெரிக்க மின்மினி ஒன்றின் லூசிஃபெரேஸ் மரபணுவைக் கலிபோர்னியாவின் ஸான் டியேகோ பல்கலைக் கழகத்தார் 1985-இல் பிரித்தெடுத்தனர். ஒளிவிடும் பொருளாதலால், வேறு மரபணுக்கள் வேலை செய்கின்றனவா என்று காட்டும் விளக்காக அதனைப் பயன்படுத்துவது அவர்கள் எண்ணம்.

அதே பல்கலைக் கழகத்தில் இந்தியாவிற் பிறந்த சுரேஷ் சுப்பிரமணி என்னும் அறிஞர் ஆய்வுக்கூடம் நடத்தி வந்தார். அவருடைய குழுவினர் மின்மினியின் மரபணுவைப் பாலூட்டி உயிரணுவுக்குள் செலுத்தினர். லூசிஃபெரேஸ் பொதுவெளியெங்கும் பரவியிருக்கும் என்று எதிர்பார்ப்பது இயல்பு. அதுவோ பெராக்ஸிஸோம்களுக்குள் போய்க் குடியேறியிருந்தது. பூச்சியின் புரதத்துக்குப் பாலூட்டியின் அறையை எவர் காட்டினார்? இருவகை உயிர்களுக்கும் விலாசம் ஒன்றே என்பதைத் தவிர வேறு விளக்கம் இல்லை.

ஸ்டீஃபன் கூல்ட், கில்பர்ட் கெல்லர், சுப்பிரமணி ஆகியோர் லூசிஃபெரேஸைச் சிறிது சிறிதாக நறுக்கிப் பார்த்தனர். 550 அமினோ அமிலங்கள் கோத்த அந்த மாலையின் கடைசிக் கோடியில் விலாசம் இருப்பதை 1987-இல் கண்டனர். 1989-இல் அந்த விலாசம் மூன்றே அமினோ அமிலங்கள் என்று தெளிந்தது: செரின், லைசின், லியூசின். அம்மூன்றையும் வெட்டிவிட்டால் புரதம் வெளியிலேயே நின்றது. அவ்வாலை வேறொரு புரதத்தின் கோடியில் ஒட்டினால், சம்பந்தமே இல்லாத அப்புரதமும் உள்ளே சென்றது. 1990-இல் ஈஸ்ட், செடி, பூச்சி, பாலூட்டி ஆகிய நான்குக்கும் இம்முறை பொதுவானது என்று அவர்கள் அறிவித்தனர்.

இந்த முடிவின் சிறப்பை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். ஈஸ்டும் மனிதனும் ஒரே விலாசத்தைப் படிக்கின்றன என்றால், அதனைப் படிக்கும் எந்திரமும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்க வேண்டும். மனிதக் குழந்தையிடம் ஆராய முடியாததை ஈஸ்டிடம் ஆராயலாம் என்பது இதன் பொருள்.

இல்லாமையும் வெறுமையும்

இதற்கிடையே 1988-இல் லாஸரோவின் குழுவினர் ஸெல்வெகர் குழந்தைகளின் உயிரணுக்களை மீண்டும் சோதித்தனர். இம்முறை அவர்கள் தேடியது பெராக்ஸிஸோமின் உள்ளிருக்கும் சரக்கை அன்று. அதன் சவ்வில் பதிந்திருக்கும் புரதங்களையே தேடினர். சவ்வுகள் இருந்தன! அறைகள் கட்டப்பட்டிருந்தன, ஆனால் உள்ளே ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. அறிஞர்கள் அவற்றைப் பெராக்ஸிஸோமின் ஆவிகள் என்று அழைத்தனர்.

1973-இல் இல்லை என்று கருதப்பட்டவை இல்லாமற் போனவை அல்ல, வெறுமையாய்க் கிடந்தவை என்பது இப்போது புலனாயிற்று. என்ஸைம்கள் செய்யப்படாமலும் இல்லை. அவை வாயிலுக்கு வெளியே அலைந்து, பல விரைவில் சிதைந்து போயின. நோய் பட்டறையில் இல்லை; கிடங்கின் சுவரிலும் இல்லை; வாயிலில் இருந்தது. மிகச் சில குழந்தைகளிடம் சவ்வும் இல்லாதிருப்பதைப் பின்னர்க் கண்டனர் என்றாலும், பெரும்பாலோரின் நிலை இதுவே. ஆகவே வாயிலின் உறுப்புகள் எவை என்பதைக் கண்டறிவதே அடுத்த பணியாயிற்று.

ஈஸ்ட் செய்த உதவி

இப்பணிக்கு ஈஸ்டைப் போலப் பொருத்தமான உயிர் வேறு கிடைப்பது அரிது. நல்ல உணவு கிடைத்தால் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்தில் அது இரட்டிக்கும். மரபணுத் தொகுதி ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டும் வாழும். ஆதலின் ஒரு மரபணு பழுதானால் அப்பழுது மறையாமல் உடனே தெரியும். எல்லாவற்றுக்கும் மேலாக, பெராக்ஸிஸோம் இயங்காவிட்டாலும் சர்க்கரையைத் தின்று அது உயிரோடிருக்கும். குழந்தையைக் கொல்லும் குறை ஈஸ்டைக் கொல்வதில்லை. ஆராய்ச்சிக்கு இதைவிட வேறு என்ன வேண்டும்?

ஆயினும் ஒரு தடை இருந்தது. சர்க்கரையில் வளரும் ரொட்டி ஈஸ்டில் பெராக்ஸிஸோம்கள் மிகச் சிலவே. அவையும் மிகச் சிறியவை. 1987-இல் நெதர்லாந்தின் குரோனிங்கன் நகரத்து மார்ட்டன் வீன்ஹெளஸ் முதலியோர், ஒலியிக் அமிலத்தை உணவாகக் கொடுத்தால் ஈஸ்டில் பெராக்ஸிஸோம்கள் பெருகுவதைக் காட்டினர். ஒலிவ் எண்ணெயின் முக்கியக் கொழுப்பு அமிலம் இது. நம் நாட்டுச் செம்பனை எண்ணெயிலும் ஏறக்குறைய ஐந்தில் இரு பங்கு இதுவே. ஈஸ்ட் கொழுப்பு அமிலத்தை வெட்டுவது பெராக்ஸிஸோமில் மட்டுந்தான். ஆகவே அவ்வறை பழுதுற்ற ஈஸ்ட் ஒலியிக் அமிலத்தில் வளராது.

இதனையே ஒரு தேர்வாக அமைத்தனர் ஜெர்மனியின் போஹம் பல்கலைக் கழகத்தைச் சேர்ந்த வுல்ஃப் ஹூபர்ட் குனாவும் அவருடைய மாணவர் ரால்ஃப் எர்ட்மனும். ஈஸ்டின் மரபணுக்களில் கண்டபடி பழுது உண்டாக்கினர். பிறகு, மற்ற உணவில் வளர்ந்து ஒலியிக் அமிலத்தில் மட்டும் வளராதவற்றைப் பொறுக்கினர். பொறுக்கியவற்றை எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் பார்த்து, பெராக்ஸிஸோம் காணப்படாதவற்றைத் தனியே வைத்தனர். 1989-இல் முதல் முடிவு வெளியாயிற்று. இந்த ஈஸ்டுகளில் என்ஸைம்கள் இருந்தன. ஆனால் அறைக்குள் இல்லை, பொதுவெளியில் கிடந்தன. ஸெல்வெகர் குழந்தையின் உயிரணுவில் கண்ட அதே காட்சி!

இனி எந்த மரபணு பழுதாயிற்று என்று அறிவது எளிது. பழுதுற்ற ஈஸ்டுக்குள் நல்ல மரபணுக்களை ஒவ்வொன்றாகச் செலுத்தினால், ஒலியிக் அமிலத்தில் மீண்டும் வளர வைப்பது எதுவோ அதுவே தேடிய மரபணு. இவ்வாறு 1991-இல் முதலாவது மரபணு கிடைத்தது. ஆம்ஸ்டர்டாம், ஸான் டியேகோ, கனடாவின் எட்மன்டன் ஆகிய நகரங்களின் ஆய்வுக்கூடங்களும் வெவ்வேறு ஈஸ்டுகளில் தேடலாயின. ஒரே மரபணுவுக்கு ஊருக்கொரு பெயர் வழங்கிக் குழப்பம் மிகுந்தது. 1996-இல் அறிஞர்கள் ஒன்றுகூடி எல்லாவற்றுக்கும் பெக்ஸ் என்று பொதுப் பெயரும், வெளியான வரிசைப்படி எண்ணும் கொடுத்தனர். 1991-இல் கிடைத்த மரபணு பெக்ஸ் 1 ஆயிற்று. இன்று 30-க்கும் மேற்பட்டவை அறியப்பட்டுள்ளன.

சுமை கூலியும் வாயிலும்

1993-இல் ஸான் டியேகோவிலும் ஆம்ஸ்டர்டாமிலும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் பெக்ஸ் 5 கண்டறியப்பட்டது. மூன்றெழுத்து விலாசத்தைப் படிப்பது இதுவே. பொதுவெளியில் திரிந்து, அவ்வால் உடைய புரதத்தைப் பற்றி, பெராக்ஸிஸோமின் வாயிலுக்குச் சுமந்து செல்கிறது. வால் இல்லாமல் தலைப்பக்கத்தில் வேறு விலாசம் எழுதிய புரதங்கள் சில உண்டு. அவற்றைச் சுமப்பது பெக்ஸ் 7. அது 1994-இல் குனாவின் கூடத்தில் கிடைத்தது. வாயிலில் நின்று சுமை கூலியை வரவேற்பவை பெக்ஸ் 13, பெக்ஸ் 14 ஆகியவை.

இங்கே அறிஞர்கள் ஒரு வியப்பைச் சந்தித்தனர். மைட்டோகாண்ட்ரியா முதலிய அறைகளுக்குள் நுழையும் புரதம், சுருண்ட உருவம் அவிழ்ந்து நூலாக நீண்டே நுழையும். ஊசிக் காதில் நூலைக் கோப்பது போன்ற வேலை அது. பெராக்ஸிஸோமுக்கோ இந்நியதி இல்லை. இரண்டு மூன்று புரதங்கள் பிணைந்த கூட்டே பிரியாமல் உள்ளே போவதை 1994-இல் எட்மன்டனிலும் டல்லாஸிலும் காட்டினர். விலாசம் எழுதாத புரதம் ஒன்று, விலாசம் உள்ள கூட்டாளியின் தோளைப் பற்றிக்கொண்டு உள்ளே சென்றது. 1995-இல் சுப்பிரமணியின் குழுவினர், மூன்றெழுத்து விலாசம் பூசிய பொன் துகள்களை மனித உயிரணுவுக்குள் செலுத்தினர். 9 நானோமீட்டர் வரை குறுக்களவுள்ள துகள்களும் அறைக்குள் போய்ச் சேர்ந்தன. பொன்னை எவராலும் அவிழ்க்க முடியாதல்லவா? வனைந்த பானை வனைந்தபடியே நுழைகிறது என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

அவ்வளவு பெரிய பொருள் நுழையும் வாயில் எப்போதும் திறந்து கிடந்தால் உள்ளிருப்பவை யாவும் வெளியே ஒழுகிவிடும். 2010-இல் எர்ட்மனும் பிறரும் ஈஸ்டிலிருந்து பிரித்த உறுப்புகளைக் கொண்டு, சரக்கின் அளவுக்கு ஏற்ப ஏறக்குறைய 9 நானோமீட்டர் வரை விரியும் துளை ஒன்று உண்டாவதைக் காட்டினர். 2022-இல் ஹார்வர்டு பல்கலைக் கழகத்து டாம் ராப்பபோர்ட்டின் குழுவினர் இதற்குப் புதியதொரு விளக்கம் தந்தனர். பெக்ஸ் 13-இன் தளர்ந்த பகுதிகள் ஒன்றோடொன்று பின்னி வலைபோன்ற களியாக வாயிலை அடைத்திருக்கின்றன. சுமை கூலி தன் சுமையோடு அக்களிக்குள் கரைந்து புகுந்து உட்புறம் செல்கிறது என்பது அவ்விளக்கம். இவ்விரு கருத்துகளையும் பொருத்திப் பார்க்கும் ஆராய்ச்சி இப்போதும் நடந்து வருகிறது.

வெறுங்குடத்தை இழுக்கும் கயிறு

இன்னும் ஒரு புதிர் பாக்கி இருந்தது. பெக்ஸ் 1 உயிரணுவின் எரிபொருளைச் செலவிட்டு வேலை செய்யும் ஓர் எந்திரம் என்பது 1991-லேயே தெரிந்தது. பெக்ஸ் 4 என்பதோ யுபிக்விட்டின் என்னும் சிறு முத்திரையை மற்றப் புரதங்களின்மேல் குத்தும் வகையைச் சேர்ந்தது என்று 1992-இல் தெரிந்தது. அழிக்கப்பட வேண்டிய புரதங்களுக்கே அம்முத்திரை குத்தப்படும் என்பது அக்காலத்துப் பொதுக் கருத்து. புரதத்தை உள்ளே அனுப்பும் வாயிலில் அழிவு முத்திரைக்கு என்ன வேலை?

2001-இல் சுப்பிரமணியின் கூடத்தார், பெக்ஸ் 5 அறைக்குள் சென்று மீண்டும் வெளியே வருகிறது என்று காட்டினர். 2005 முதல் 2007 வரை வெளிவந்த போஹம் நகரத்து ஆராய்ச்சிகள் முடிச்சை அவிழ்த்தன. சுமையை இறக்கிய பெக்ஸ் 5 வாயிலில் சிக்கி நிற்கும்போது அதன்மேல் ஒரே ஒரு முத்திரை குத்தப்படுகிறது. அம்முத்திரை இங்கே அழிவுக்கு அறிகுறி அன்று. வெளியே இழுக்க உதவும் பிடி. பெக்ஸ் 1, பெக்ஸ் 6 ஆகிய இரண்டும் கூடிய எந்திரம் எரிபொருளைச் செலவிட்டு அதனை வெளியே இழுத்துவிடுகிறது. முத்திரை நீக்கப்பட்ட பெக்ஸ் 5 அடுத்த சுமைக்குப் போகிறது.

நாம் கிணற்றில் வெறுங்குடத்தை எளிதாக இறக்கி, நிறைகுடத்தை இழுக்கப் பாடுபடுகிறோம். உயிரணு இதற்கு மாறானது. நிறைகுடம் எரிபொருட் செலவின்றியே உள்ளே இறங்குகிறது. வெறுங்குடத்தை மேலே இழுக்கவே செலவெல்லாம். கயிறு அறுந்தால் என்ன ஆகும்? குடங்கள் உள்ளேயும் வாயிலிலும் தேங்கும், புதுச் சுமை எடுக்கக் குடம் இராது, அறை வெறுமையாகும்.

மீண்டும் குழந்தைகளிடம்

இதுவே பெரும்பாலான ஸெல்வெகர் குழந்தைகளுக்கு நேர்ந்த கதி என்பது பின்னர்த் தெரிந்தது. 1992-இல் ஃபுஜிக்கியும் பிற ஜப்பானிய அறிஞர்களும் இந்நோய்க்குக் காரணமான முதல் மனித மரபணுவை அறிவித்தனர். அவர்கள் அதனைக் கண்டது வெள்ளெலியின் உயிரணுக்களைக் கொண்டு. அதன் பின்னர் ஈஸ்ட் வழி காட்டியது. ஈஸ்டின் பெக்ஸ் மரபணு எழுத்துகளைக் கையில் வைத்துக்கொண்டு, மனித மரபணுப் பதிவேடுகளில் அவற்றை ஒத்தவற்றைத் தேடினர். 1995-இல் பெக்ஸ் 5-இன் மனித வடிவமும், அது பழுதுற்ற நோயாளிகளும் கண்டறியப்பட்டனர். 1997-இல் பெக்ஸ் 1-இன் மனித வடிவம் கிடைத்தது. இந்நோய் வகையைச் சேர்ந்த குழந்தைகளுள் பாதிக்கு மேற்பட்டோரிடம் பழுதாகியிருப்பது அதுவே. வெறுங்குடத்தை இழுக்கும் கயிறு அறுந்திருக்கிறது!

போஹம் நகரத்தில் எண்ணெயில் வளராத ஈஸ்டிடம் முதலாவதாகக் கண்ட மரபணு, ஆறு ஆண்டுகள் கழித்துக் குழந்தைகளின் நோய்க்கு முதன்மைக் காரணமாக வந்து நின்றது. ஈஸ்டின் அந்தப் பழுதையும் இந்தக் குழந்தைகளின் துயரத்தையும் இணைப்பது ஒரே மரபணுவின் இரு வடிவங்கள்.

இதனால் குழந்தைகளுக்கு விளைந்த நன்மை யாது? நோயை அடியோடு நீக்கும் மருந்து இன்னும் கிடைக்கவில்லை என்பதை மறைக்க வேண்டுவதில்லை. கல்லீரலின் துன்பத்தைச் சிலருக்குத் தணிக்கும் கோலிக் அமிலத்துக்கு 2015-இல் அமெரிக்க அரசு அனுமதி அளித்தது; அது துணை மருந்தே. ஆனால் முன்பு காரணம் அறியாமல் குழந்தையைப் பறிகொடுத்த பெற்றோர்க்கு, இன்று காரணத்தை மரபணுவின் பெயரோடு சொல்ல முடிகிறது. அடுத்த பேற்றில் அப்பழுது உண்டா என்று முன்னதாகவே அறிய முடிகிறது. நோயின் கடுமை குறைந்த வகையினர் நெடுநாள் வாழ்வதால், அவர்களுடைய கண்ணையும் செவியையும் கல்லீரலையும் காலத்தே கவனிக்க முடிகிறது. பழி யாருடையது என்று தெரியாமல் தாய் தன்னையே நொந்துகொள்ளும் கொடுமை நீங்குவதும் சிறிய நன்மை அன்று.

இந்த அறிவு வேறொரு திசையிலும் பயன்படத் தொடங்கியுள்ளது. ஆப்பிரிக்காவின் உறக்க நோய்க்குக் காரணமான டிரிப்பனோஸோம் என்னும் கிருமி, சர்க்கரையை எரிக்கும் என்ஸைம்களிற் பலவற்றைப் பெராக்ஸிஸோமின் உறவான ஓர் அறைக்குள் வைத்திருக்கிறது. அதன் வாயிலில் பெக்ஸ் 5, பெக்ஸ் 14-ஐத் தழுவாதபடி தடுக்கும் இரசாயனங்களை ஜெர்மன் அறிஞர்கள் 2017-இல் உருவாக்கினர். ஆய்வுக்கூடத்தில் கிருமிகள் மாண்டன. குழந்தையைக் கொல்லும் அதே குறையைக் கிருமிக்கு வேண்டுமென்றே உண்டாக்கும் முயற்சி இது. மருந்தாக வருவதற்கு இன்னும் பல படிகள் உண்டு.

ஆராய்ச்சிக்குப் பயன் யாது என்று கேட்போர் எக்காலத்திலும் உண்டு. ரோடின் எலியின் சிறுநீரகத்தில் ஒரு புள்ளியைக் கண்டபோது பயன் தெரியவில்லை. மின்மினியின் வாலை நறுக்கியவர்களும் எண்ணெயில் வளராத ஈஸ்டைப் பொறுக்கியவர்களும் ஒரு கேள்விக்கு விடை தேடினார்கள்; அவ்வளவே. அவ்விடைகள் ஒன்றோடொன்று கோத்து வந்தபோது, 1973-இல் ‘அறை இல்லை’ என்று எழுதப்பட்ட குழந்தைகளின் ஏட்டில், ‘அறை உண்டு, சுமை கூலி திரும்ப வழியில்லை’ என்று திருத்தி எழுத முடிந்தது. நோய் எந்த இடத்தில் இருக்கிறது என்று தெரிந்த பிறகே மருந்துக்கு இடம் தேட முடியும். அந்த இடத்தைக் காட்டிய வகையில், ரொட்டி மாவில் பொங்கும் அந்த எளிய உயிருக்கு மனித இனம் கடமைப்பட்டிருக்கிறது.